மெல்லிய குரலுக்கு வழிவிடும் குழாய்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



பொறியியற்றுறையிலுள்ள பழைய மாணவிகள் சார்பில் பேசுகிறோம். பாலங்களையும் அணைகளையும் விட்டுவிட்டு, கையில் தூக்கக்கூடிய ஓர் உலோகக் குழாயைப் பற்றிச் சொல்லப்போகிறோம். நுண்ணலைகளுள் வேண்டியவற்றை மட்டும் கடத்தும் செவ்வக அலைவழி வடி அது.

ஏறத்தாழ 35,800 கிலோமீற்றர் உயரத்திலுள்ள செய்மதியின் சமிக்ஞை தரையை அடையும்போது மிகவும் நலிந்திருக்கும். தொலைக்காட்சி நிலையங்கள் அதனை நெடுங்காலமாக 3.7 முதல் 4.2 கிகாஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களில் பெற்றுவந்தன. 2020இல் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு, அப்பட்டையில் 3.98 வரையான பகுதியைக் கைத்தொலைபேசிச் சேவைக்கு ஒதுக்கியது. செய்மதிக்கு எஞ்சியது 4.0 முதல் 4.2 வரை. இரண்டுக்கும் நடுவே வெறும் 20 மெகாஹேர்ட்ஸ் இடைவெளி.

அயலில் நிற்கும் கோபுரத்தின் உரத்த சமிக்ஞை நுழைந்தால் தரைநிலையத்தின் விரியலாக்கி திணறிப்போகும். அங்கே கெட்டதைப் பிறகு சீராக்குவது கடினம். ஆகவே வடி விரியலாக்கிக்கு முன்னால் இருக்க வேண்டும். அங்கே இருந்தால் வடியில் ஏற்படும் இழப்பு நலிந்த சமிக்ஞையையே தாக்கும். அரை டெசிபெல் இழப்பு, அறை வெப்பநிலையில், சுமார் 35 கெல்வின் இரைச்சலைச் சேர்க்கும். நல்ல விரியலாக்கியின் சொந்த இரைச்சலே அதைவிடக் குறைவாக இருக்கலாம். இழப்பு மிகக் குறைந்த வெற்றுக் குழாயைப் பொறியியலாளர் நாடுவது இதனாலேயே.

இப்பட்டைக்கு வழமையான குழாயின் உள்ளகலம் 58.17 மில்லிமீற்றர், உயரம் 29.08 மில்லிமீற்றர். அலைநீளத்தின் அரைப்பங்கு குழாயின் அகலத்தை மீறினால் அலை உள்ளே செல்லாது. எனவே 2.58 கிகாஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டவை வாசலிலேயே நின்றுவிடும். மற்றவற்றைப் பிரிக்க, குறுக்குத் தகடுகளால் குழாயை அறைகளாக வகுத்து, தகடு தோறும் ஒரு யன்னல் விடுகிறோம். ஒவ்வோர் அறையும் அரை அலைநீளம் அளவுக்கு நீண்டு, தன் மீடிறனுக்குப் பரிவுறும். 4.1 கிகாஹேர்ட்ஸில் அந்த அரை அலைநீளம் திறந்த வெளியில் 36.6 மில்லிமீற்றர், குழாயினுள் 47 மில்லிமீற்றர். யன்னல்களின் விளைவால் அறை அதிலும் சற்றுக் குறுகும்.

யன்னல் ஒடுங்கினால் பட்டை ஒடுங்கும். அறைகள் கூடினால் விளிம்பு செங்குத்தாகும்; இழப்பும் கூடும். எத்தனை அறை, எவ்வளவு யன்னல் என்பதே வடிவமைப்பின் மையக் கேள்வி. 1957இல் ஸீமோர் கோன் வெளியிட்ட கணிப்பு முறை இதற்குப் பெரிதும் துணைநின்றது.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெப்பநிலை 40 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அலுமினிய வடி விரிந்து, அதன் பட்டை ஏறக்குறைய 4 மெகாஹேர்ட்ஸ் கீழே இறங்கும். இருக்கும் 20இல் ஐந்திலொரு பங்கு அப்படியே போய்விடும்.

இறுதியாகக் கைவேலை. அறையின் நடுவே திருகாணியை உட்செலுத்தினால் மீடிறன் குறையும், கூட்ட வழியில்லை. அதனால் அறையைச் சற்றுக் குறுக்கமாகவே வெட்டி, திருகாணியால் இறக்கிச் சரிசெய்வது வழக்கம். ஒன்றைத் திருகினால் பக்கத்து அறையும் குழம்பும். கணினி துல்லியமாகக் கணித்த பின்பும், திருகுபவரின் பொறுமை தேவைப்படுகிறது.

சகோதரிகளே, இவ்வளவுக்கும் அடிப்படை பரிவு. உயர்தர வகுப்பில் இசைக்கவையை அதிரச்செய்து, பரிவுக் குழாயின் நீர்மட்டத்தை மெல்ல இறக்கி, ஒலி திடீரென ஓங்கும் இடத்தைக் காதால் பிடித்தோமே, அதே பாடந்தான். அதைக் கரும்பலகையில் மட்டும் படித்தவருக்கும் தன் காதால் கேட்டவருக்கும் வேறுபாடு உண்டு. வடியைத் திருகும் மேசையில் அது தெரிந்துவிடும்.

ஆகவே எமது வேண்டுகோள் ஒன்றே. நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கு ஒதுக்குங்கள். பத்துப் பிள்ளைகள் சுற்றிநின்று பார்க்க ஒருத்தி மட்டும் செய்யும் பரிசோதனை போதாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் நீரை இறக்கி, தன் காதால் அந்த ஒலியைக் கேட்க வேண்டும்.