பாடசாலையில் பிள்ளைகளின் பாதுகாப்பு

(நமது சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட பிரசங்கம்)



கல்வி விருத்தியைப் பற்றி இச்சபையில் பலர் பேசியிருக்கின்றனர். பாடசாலைக்கு அனுப்பிய பிள்ளை மாலையில் குறைவின்றி வீடு திரும்புதற்கு யாது ஏற்பாடு என்று மட்டும் நாம் விசாரிப்பதில்லை. அதைக் குறித்தே சில சொல்லத் துணிந்தோம்.

2004ஆம் வருஷம் ஜூலை மாதம் 16ஆந் தேதி கும்பகோணத்தில் நிகழ்ந்ததை யாவரும் அறிவீர்கள். மதிய உணவு சமைத்த இடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றி, மேல்மாடி வகுப்பிற்குத் தாவி, 94 இளம் பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. இதனைத் தெய்வச் செயல் என்பாரும் உளர், நாம் ஒப்போம். கூரை வேய்ந்ததும் மனிதர், அதனருகே அடுப்பு மூட்டியதும் மனிதர், பார்த்தும் வாளாவிருந்ததும் மனிதரே. 2009இல் உச்ச நீதிமன்றம், அபாயமற்ற கட்டடத்தில் கற்பது பிள்ளையின் உரிமை என்று கூறி, தீயணைக்குங் கருவிகளும் உபாத்தியாயர்க்குப் பயிற்சியும் வேண்டுமென விதித்தது. கருவி சுவரில் தொங்கினால் போதுமா? அதன்மேல் குடை மாட்டியிருக்கவும் நாம் கண்டதுண்டு. அதை எடுத்து இயக்க அறிந்தவர் யார் என்று கேளுங்கள்.

இனிச் சொல்வது கூச்சந் தரும் விஷயம். ஆயினும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அந்நியன் நுழைவானென்று மதில் எழுப்புகிறோம், காமிரா வைக்கிறோம். பிள்ளைகளிடம் தகாத முறையில் நடப்பவரோ பெரும்பாலும் அப்பிள்ளைகள் முன்பே அறிந்தவர். அவரை மதில் தடுக்காது. பிள்ளையின் சொல்லை நம்பிக் கேட்கும் வீடே தடுக்கும். "வாத்தியாரையா குறை சொல்கிறாய்?" என்று ஒருமுறை அதட்டப்பட்ட பிள்ளை மறுமுறை வாய் திறப்பதில்லை.

2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் 18 வயது நிரம்பாத ஆண், பெண் இருபாலார்க்கும் உரியது. குற்றம் நடந்ததென அறிந்தவர் எவராயினும் போலீஸாருக்கு அறிவித்தே தீரவேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. தமக்குக் கீழுள்ளவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு 1 வருஷம் வரை. பிள்ளையின் பெயரைப் பத்திரிகைகள் வெளியிடுவதையும் அச்சட்டம் தடுக்கிறது. ஆகையால் மானம் போகுமென்று அஞ்சற்க.

இந்த மானத்தின் பெயராலன்றோ நம்மவர் பெரியோர் நால்வரைக் கூட்டிச் சமாதானம் பேசி, அந்த உபாத்தியாயரை வேறூருக்கு மாற்றிவிட்டு அமைதியடைகின்றனர்! மாற்றலாகிச் சென்றவர் அங்கும் பிள்ளைகளுக்கே பாடஞ் சொல்வார். அவர்கள் நமது இனத்துப் பிள்ளைகள் அல்லர் என்றால் நமக்குக் கவலையில்லையோ? குற்றஞ் செய்தவர் நமது இனத்தாராகவே இருப்பினும் சங்கத்தார் எவரும் அவர் பொருட்டுத் தூது செல்லலாகாது. இதனை இக்கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்ற வேண்டுகிறோம்.

பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 14417. இவற்றைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும். அரசாங்கப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்காற்பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டுமென்பது 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம். நம்மில் எத்தனை பேர் அக்குழுவின் கூட்டத்திற்குச் சென்றிருக்கிறோம்? அடுத்த கூட்டம் என்றைக்கென்று தெரியாதவர்கள் நாளையே தலைமை உபாத்தியாயரைக் கண்டு கேட்டறியும்படி பிரார்த்திக்கிறோம்.