டீசல் புகையும் நமது நெஞ்சும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தன்று மின்சாரம் நின்றபோது, மண்டபத்து ஜன்னலையொட்டி டீசல் ஜெனரேட்டரை வைத்து ஓட்டினோம். குழந்தைகள் அதைச் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்த்தனர். “வெறும் நாற்றந்தானே” என்று நானே சொன்னேன். பின்னர் அது பற்றித் தேடிப் படித்ததன் விளைவே இப்பேச்சு.

எடின்பரோ பல்கலைக்கழகத்தாரும், சுவீடன் நாட்டு ஊமியோ பல்கலைக்கழகத்தாரும் கூடிச் செய்த பரிசோதனையொன்று 2007இல் வெளியாயிற்று. முன்பு மாரடைப்பு கண்டு, பின் நலமாயிருந்த 20 ஆடவர் அதற்கு இசைந்தனர். ஒவ்வொருவரும் தனியறையில் ஒரு மணி நேரம் இருத்தல் வேண்டும். 15 நிமிடம் சைக்கிள் மிதித்தல், 15 நிமிடம் ஓய்வு, மீண்டும் மிதித்தல். ஒரு நாள் தூய காற்று. மற்றொரு நாள் காற்றில் கலந்த டீசல் புகை, கன மீட்டருக்கு 300 மைக்ரோகிராம் துகள். எந்நாளில் எது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. மூக்கு அறியாதா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்த ஐயம் உண்டு. ஆனால் இருதயத்தின் மின்வரைபடம் மூக்கைக் கேட்டு எழுதுவதில்லையே! புகை நாளில் மிதித்தபோது, இருதயத் தசைக்கு இரத்தம் போதாமையின் அறிகுறி அதில் மிகுந்து காணப்பட்டது. ஆறு மணி நேரம் கழிந்த பின்னரும், இரத்தக் கட்டியைக் கரைக்க உடல் தானே சுரக்கும் பொருள் 35 சதவீதம் குறைந்திருந்தது.

தீங்கு செய்வது வாயுவா, துகளா? 2011இல் வெளியான ஆராய்ச்சியில், புகைப்போக்கியில் துகள் வடிகட்டி பொருத்தினர். 320 மைக்ரோகிராம் ஏறத்தாழ 7 ஆயிற்று, வாயுக்கள் நிற்கவில்லை. எனினும் இரத்தம் உறையும் போக்குத் தணிந்தது. இரத்தக் குழாய்கள் நன்கு விரிந்தன. பழி பெரிதும் துகளையே சாரும்.

ரயில்வேக்காரன் ஒன்று கூறாமல் அமர இயலாது. அமெரிக்காவில் ஏறத்தாழ 55,000 ரயில்வே ஊழியரின் மரண விவரங்களை, 1959 முதல் 1996 வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். வண்டியோடு சென்று பணிபுரிந்தோரிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 40 சதவீதம் அதிகம். புகை படாதோர் என்று ஒப்பிட எடுத்துக்கொண்டவர்களுள் என்னைப் போன்ற குமாஸ்தாக்களும் உண்டு! உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 1988இல் ‘காரணமாகக்கூடும்’ என்றிருந்த டீசல் புகையை, 2012இல் உறுதியான காரணிகளின் வரிசையில் சேர்த்தது.

ஆண்டு விழாவன்று ஜெனரேட்டரை மதிலுக்கு அப்பால், ஜன்னல்களுக்குத் தொலைவில் வைக்க 30 மீட்டர் கம்பி கூடுதலாக வேண்டும். அச்செலவுக்குச் செயலாளர் அவர்கள் இசைவு தருமாறு கேட்டு அமர்கிறேன்.