சரதியேலும் சபானும்



கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவில், மாவனல்லைக்கு அண்மையில், உதுவன்கந்தை என்னும் பாறைக் குன்று ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சரதியேல் என்னும் கொள்ளைக்காரன் மறைந்து வாழ்ந்த இடம் அது.

கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னர் மலைநாட்டுக் கோப்பி மாட்டுவண்டிகளில் இத்தெருவழியே இறங்கிற்று. ஆகவே வழிப்பறிக்கு இதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை. சரதியேல் செல்வரிடம் பறித்து வறியவர்க்கு ஈந்தான் என்பது மக்கள் வழக்கு. சட்டம் அந்நியரின் கையில் இருந்த அக்காலத்திலே, அச்சட்டத்தை எதிர்த்தவனை மக்கள் தம்முள் ஒருவனாகக் கருதியதில் வியப்பில்லை.

1864ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆந் திகதி, சரதியேலும் அவன் தோழன் மம்மாலி மரைக்காரும் மாவனல்லையில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது பொலிசார் அதனை வளைத்தனர். துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அதிலே சபான் என்னும் மலாய்க் கான்ஸ்டபிள் உயிர்நீத்தார். இலங்கைப் பொலிஸ் வரலாற்றில் கடமையின்போது வீழ்ந்த முதல்வர் என அவரே போற்றப்படுகின்றார். பிடிபட்ட இருவரும் அவ்வாண்டு மே மாதத்திலே கண்டியில் தூக்கிலிடப்பட்டனர்.

இதில் நாம் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. பொலிஸ் கட்டளைச் சட்டம் 1865இலேதான் பிறந்தது. காம்பெல் என்பவர் படைக்குத் தலைமையேற்றது 1866 செப்டெம்பர் 3ஆந் திகதி. அத்தகைய ஒழுங்கமைப்பு ஏற்படுமுன்னரே, சிறு சம்பளம் பெற்ற ஒரு கான்ஸ்டபிள் துப்பாக்கிமுனைக்கு எதிரே சென்றார். அவருடைய பெயரோ பாமரர் நாவில் நிலைக்கவில்லை. கொள்ளைக்காரனுக்குக் கதைகள் பல. அவன் பெயரால் மாவனல்லைப் பக்கத்திலே மாதிரிக் கிராமமும் அமைந்துள்ளது. சபானுக்கு உரியது, ஆண்டுதோறும் மார்ச் 21இல் பொலிஸ் திணைக்களம் அனுட்டிக்கும் வீரர் தினம் ஒன்றே.

சரதியேலின் கதையை மறக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. ஏழையின் ஏக்கம் அக்கதையிலே பேசுகின்றது. ஆயினும் துணிவு என்பது சட்டத்தை மீறுபவனுக்கு மட்டும் உரியதன்று. அச்சத்தை அடக்கிக்கொண்டு கடமையில் நிற்பதும் துணிவே. அத்தெருவால் செல்லும்போது பிள்ளைகளுக்குக் குன்றைக் காட்டும் பெற்றோர், சபானின் பெயரையும் சேர்த்துச் சொல்வாராயின், வரலாறு முழுமை பெறும்.