அவருக்கும் ஒரு மாத்திரை

யாயிரின் 12 வயது மகளைக் குணமாக்க விரைந்த இயேசு, வழியில் ஒரு பெண்ணுக்காக நின்றார். அவர் 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கால் வருந்தியவர். சிறுமிக்காகப் பேசத் தந்தை இருந்தார். இந்தப் பெண்ணுக்கு யாருமில்லை.

நம் மாநிலத்தில் குடற்புழு நீக்க நாளன்று அல்பெண்டசோல் மாத்திரை 1 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் இலவசம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மட்டும் கிடையாது. கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். மாதவிலக்கிலும் பேறுகாலத்திலும் ஏற்கெனவே இரத்தம் இழப்பவர்களை அது இன்னும் சோகையாக்கும்.

பிள்ளைகள் வகுப்பிலேயே விழுங்கிவிடுவார்கள். சங்கரன்கோவில் பக்கம் தறிக்கும் பூப்பறிக்கவும் போய்விடும் மருமகளை யார் தேடுவது? கணவன்மாரே, அன்று ஒரு மணிநேரம் வீட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் அங்கன்வாடிக்குப் போய் வரட்டும்.