நம் கைத்திறனுக்கும் ஒரு சான்றிதழ்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் நம்மைப் பார்த்து ஒரு சொல் சொல்லப்படுகிறது. "இது திறமை தேவைப்படாத வேலை" என்கிறார்கள். இந்தச் சொல்லுக்கு நாம் பதில் வைத்திருக்க வேண்டும்.

கொழுந்து மலையில் நிற்கும் நம் தாய்மார் எதைப் பறிப்பது, எதை விடுவது, மட்டத்தை எப்படிக் காப்பது என்பதை ஒரு நொடியில் தீர்மானிக்கிறார்கள். கவ்வாத்து வெட்டுகிறவர் பட்டை கிழியாமல் சாய்வாக வெட்டாவிட்டால் மரம் பட்டுப்போகக்கூடும். தொழிற்சாலையில் இலை வாடிய பதத்தைக் கையால் தொட்டே சொல்லும் ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். இவையெல்லாம் தொழில் அறிவு. ஆனால் இந்த அறிவுக்கு நம் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

அந்தக் கடதாசியைப் பெற நாட்டில் வழி இருக்கிறது. அதுதான் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமை. அதில் 7 மட்டங்கள் உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். இதில் நமக்கு முக்கியமான ஒன்று, வகுப்புக்குப் போகாமலே, ஏற்கெனவே செய்துவந்த வேலையைக் காட்டிச் சான்றிதழ் எடுக்கலாம் என்பது. இதை முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். விண்ணப்பம் கொடுத்து, சேவைக் கடிதம் போன்ற ஆதாரங்களைக் காட்ட வேண்டும். மதிப்பீட்டாளர் நம் வேலையைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்ப்பார். நைட்டா எனப்படும் பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் அலுவலகத்தில் இதைக் கேட்கலாம்.

கொழும்புக்குப் போய் மேசன் வேலை, தச்சு வேலை, வயரிங், தையல் என்று பல வருடம் உழைத்துவிட்டும் 'கையாள்' சம்பளமே வாங்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வழி உடனே உதவும். தோட்டத்து வேலைகளில் எதெதற்குத் தகைமை எடுக்கலாம் என்பதையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

இனி நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது. கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் மெஷின் வருகிறது. மெஷினைத் தந்தால் அதை ஓட்டவும், கழற்றித் துப்புரவாக்கவும், காயப்படாமல் பிடிக்கவும் சொல்லித்தர வேண்டும். மருந்தடிக்கிறவருக்குப் போத்தலில் எழுதியிருப்பதை விளக்கி, அளவும், காற்றுத் திசையும், பாதுகாப்பு உடுப்பும் பற்றிப் பழக்க வேண்டும். பயிற்சி இல்லாத கையில் மெஷினையும் மருந்தையும் கொடுப்பது அந்த உயிரோடு விளையாடுவதாகும்.

ஆகவே நமது கோரிக்கைகள் நான்கு:

1. பயிற்சி நாளுக்கும் முழுப்பேர் போட வேண்டும். ஒரு நாள் சம்பளத்தை இழந்து படிக்க நம்மால் முடியாது.

2. பயிற்சியும் பரீட்சையும் தமிழில் நடக்க வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாதவருக்குச் செய்துகாட்டி விளக்க வேண்டும்.

3. தோட்டத்திலோ பக்கத்து நகரத்திலோ, பிள்ளைமடுவம் திறந்திருக்கும் நேரத்தில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் பெண்கள் வர வழியில்லை.

4. சான்றிதழ் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். கங்காணி, தொழிற்சாலை உத்தியோகம் போன்ற இடம் காலியாகும்போது, பெண்களுக்கும் சேர்த்து, அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

சான்றிதழ் வந்த மறுநாளே சம்பளம் கூடிவிடும் என்று நாங்கள் வாக்குறுதி தரவில்லை. ஆனால் மேசையில் உட்கார்ந்து பேசும்போது, "திறமையற்றவர்கள்" என்ற சொல்லை நம் முகத்துக்கு முன்னால் சொல்ல யாரும் யோசிப்பார்கள்.

தலைவர்மாரே, தலைவிமாரே, ஒவ்வொரு டிவிசனிலும் யார் என்ன வேலை, எத்தனை வருடம், எதைப் பழக விருப்பம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். லயம் லயமாகப் போய்க் கேளுங்கள். பெண்களின் பெயரை முதலில் எழுதுங்கள். அந்தப் பட்டியலை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே நாம் நிர்வாகத்தோடு பேசுவோம்.