கோபுரம் எங்கே? தீர்மானிப்பது யார்?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

கைபேசிக் கோபுரம் குறித்து நம்மிடம் இருவகைக் கோரிக்கைகள் வருகின்றன. நகரத்து மக்கள் "எங்கள் தெருவில் வேண்டாம்" என்கின்றனர். மலைக் கிராமத்து மக்களோ "எங்களுக்கு ஒன்றாவது வேண்டும்" என்கின்றனர். முரண்பட்டவையாகத் தோன்றினும் இரண்டும் ஒரே கொள்கையின் விளைவுகளே.

உயர் அலைவரிசை நெடுந்தொலைவு செல்லாது. பயன்படுத்துவோர் மிகுந்த இடத்தில் கோபுரங்கள் நெருங்கியே அமைய வேண்டும். இது தொழில்நுட்பத் தேவை. ஆனால் நகரத்தில் நிறுவனத்துக்கொரு கோபுரம் எழுவதும், ஆதிவாசிக் கிராமம் விடுபடுவதும் தொழில்நுட்பத்தின் கட்டாயம் அல்ல, லாபத்தின் கட்டாயம்.

சான்று இதோ. 2022 ஜூலையில், சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி வழங்க ரூ.26,316 கோடித் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தாராளமயம் தொடங்கி முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் தனியார் நிறுவனங்கள் எட்டிப்பாராத கிராமங்கள் இவை. பணி ஒப்படைக்கப்பட்டது பிஎஸ்என்எல்லிடம். ஆனால் அதற்கு ஓராண்டு முன்பு, 2021 ஆகஸ்டில் வெளியான தேசியப் பணமாக்கல் திட்டத்தில், பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் நிறுவனங்களின் 14,917 கோபுரங்கள் தனியாருக்கு விடுவதற்கெனப் பட்டியலிடப்பட்டிருந்தன. சுமை பொதுத்துறைக்கு, சொத்து தனியாருக்கு!

கதிர்வீச்சு குறித்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யவும் கூடாது, ஊதிப் பெருக்கவும் கூடாது. 2011இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இவ்வலைகளைப் புற்றுநோய் விளைவிக்கும் 'சாத்தியம் உள்ளவை' என்ற பிரிவில் வைத்தது. நிரூபிக்கப்பட்டவை என்று கூறவில்லை. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல், சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கே அனுமதிக்கப்பட்ட அளவு. எனவே நமது கேள்வி இதுதான்: வரம்பு மீறப்படவில்லை என்பதை மக்கள் கண்முன் அளந்து காட்டுவது யார்?

2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமோ, நில உரிமையாளர் மறுத்தாலும் பொதுநலன் எனக் கூறி வழியுரிமை பெற ஒன்றிய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. பொதுநலன் எது என்பதை மக்களைக் கேளாமல் முடிவு செய்யலாகாது.

ஆகவே, கோபுரம் அமையுமுன் கிராம சபையிலும் வார்டுக் கூட்டத்திலும் விவாதம் வேண்டும். நிறுவனங்கள் கோபுரங்களைப் பகிர்ந்து கொள்ளுதல் கட்டாயமாக வேண்டும். உள்ளாட்சிக்குரிய சொத்துவரி தவறாது வசூலாக வேண்டும். அவ்வரி விதிக்கலாம் என 2016இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துள்ளது. பொதுத்துறைக் கோபுரங்கள் பொதுச் சொத்தாகவே நீடிக்க வேண்டும்.

தெருவின் கோரிக்கையையும் மலையின் கோரிக்கையையும் ஒரே மேடையில் இணைப்பது நமது பணி, தோழர்களே!