சும்மா இருக்கும் இன்வெர்ட்டர்



2021 நவம்பரில் திருப்பதியிலும் சித்தூர் வட்டாரத்திலும் பெருமழை கொட்டியது. வெள்ளம் வந்தது. அப்படிப்பட்ட நாளில் கரண்ட் நின்றுபோகும். வெயிலும் இராது. மாடியில் சோலார் தகடு இருக்கிறது, கீழே பேட்டரி இருக்கிறது. விளக்கு எரியுமா?

பேட்டரியில் மிச்சம் இருந்தால் எரியும். அதைக் குடிப்பது விளக்கு மட்டும் அல்ல. இன்வெர்ட்டரும் குடிக்கும். பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி அது. ஒரு பல்புகூட எரியாதபோதும் அது விழித்தே இருக்கும். ஈரமில்லாத கையை மேலே வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்.

சும்மா இருக்கும்போது அது 15 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்கு 360 வாட்-மணி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தம் 1,800 வாட்-மணி. ஈயப் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். திருப்பதிக்குப் பக்கத்தில் கரகம்பாடியிலேயே பேட்டரி ஆலை இருக்கிறது. அதற்காக மலிவாகக் கொடுத்துவிடுவார்களா? ஆக, கைக்கு வருவது 900 தான். மூன்று நாள் மூட்டத்தில் இன்வெர்ட்டர் மட்டுமே 1,080 கேட்கும்!

வேலை முடிந்ததும் இன்வெர்ட்டரை அதன் சுவிட்சிலேயே அணையுங்கள். சார்ஜ் கன்ட்ரோலர் தனிப் பெட்டியாக இருந்தால், பேட்டரி நிரம்புவது நிற்காது. இரண்டும் ஒரே பெட்டி என்றால், எந்த சுவிட்சை அணைப்பது என்று பொருத்தியவரிடம் கேளுங்கள். டி.வி.யை ரிமோட்டில் அணைத்தால் போதாது. சுவரிலும் அணைக்க வேண்டும். செட்டாப் பெட்டிக்கும் அப்படியே.

இரவு விளக்குக்கு 12 வோல்ட் டி.சி. பல்பு போதும். கன்ட்ரோலரில் பல்புப் படம் போட்ட இடத்தில் அதை இணைக்கலாம். அதற்கு இன்வெர்ட்டரே வேண்டாம். 9 வாட் பல்பு என்றால், அந்த 900 வாட்-மணியில் 100 மணி நேரம் எரியும்.